ஒரு மீட்டரில் சரி, மற்ற இடத்தில் பிழை: ஏப்ரல்டேக் கேமராவின் தூரக் கணக்கு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஓர் எந்திரப் பட்டறை. சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு எந்திர) வரிசைக்கும் தரப் பரிசோதனை மேசைக்கும் இடையே உதிரிபாகத் தட்டுகளைச் சுமந்து போகும் சிறு ரோபோ ஒன்று அங்கே ஓடுகிறது. சார்ஜ் குறைந்தால் இரண்டு சார்ஜிங் டாக்குகளில் எது காலியோ அதில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு டாக்கின் மேலும் ஓர் ஏப்ரல்டேக் (கேமரா அடையாளம் காணும் கறுப்பு-வெள்ளைக் கட்டச் சதுரம், சுருக்கமாக டேக்) ஒட்டியிருக்கிறது. ரோபோவின் முன்பக்கக் கேமரா அதைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும், 400 மி.மீ. என்று காட்டும் இடத்தில் ரோபோ நிற்கும்.

புகார் இதுதான். டாக் 1இல் சில நாள் சார்ஜ் ஏறும், சில நாள் ஏறாது. டாக் 2இல் ஏறுவதே இல்லை. லென்ஸைத் துடைத்தாயிற்று, யூஎஸ்பி கேபிளை மாற்றியாயிற்று. கேமராவையே தூக்கிப்போட்டுவிட்டு ஆழம் பார்க்கும் ஸ்டீரியோ கேமரா வாங்கலாம் என்று விலைப்பட்டியல் கேட்கும் கட்டத்துக்கு விஷயம் வந்திருந்தது. ஓசூரிலிருந்து ஷிப்டுக்கு வரும் பராமரிப்புத் தம்பி மட்டும் விடாமல் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு மீட்டர்ல டேப் வச்சுப் பாத்தோம் சார். மில்லிமீட்டர் சுத்தமா இருக்கு. கேமராவுல கோளாறு இல்ல." கேமரா பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மீட்டர் சோதனைதான் கோளாறைக் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தது.

அமைப்பின் விவரம்: சாதாரண யூஎஸ்பி வெப்கேம், லென்ஸின் குவியத்தூரம் (தொலைவில் ஃபோகஸ் ஆகும்போது லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி) 4 மி.மீ., படம் 1280×720 பிக்சல். டேக் 36எச்11 வகை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஓல்சன் 2011இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. இன்று ரோபோ செய்பவர்கள் பலரிடமும் புழங்குகிறது. லென்ஸும் டேக்கின் நடுவும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், 320 மி.மீ.இல் இருந்தன. இது நல்ல வடிவமைப்பு. உயரம் வேறுபட்டால் கேமராவின் சாய்வுக் கோணமும் கணக்குக்குள் நுழைந்துவிடும்.

ஒற்றைக் கேமரா தூரத்தை அளப்பதில்லை, ஊகிக்கிறது. தூரம் = குவியத்தூரம் (பிக்சலில்) × டேக்கின் உண்மை அகலம் ÷ படத்தில் டேக்கின் அகலம் (பிக்சலில்). டேக்கின் நான்கு மூலைகளை வைத்து நிலையையும் கோணத்தையும் கண்டுபிடிக்கும் நிரல் இதைவிடச் சிக்கலாகக் கணக்குப் போட்டாலும், தூரத்தைப் பொறுத்தவரை அடிப்படை இந்த ஒரு வரிதான். கடைசியில் நிரலுக்குள் கேமராவின் இருப்பிடத்துக்கென்று ஒரு கூட்டல்-கழித்தல் எண்ணும் இருக்கும். எனவே பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அதன் வடிவமே காட்டிக்கொடுக்கும். குவியத்தூரமோ டேக் அளவோ தவறாக இருந்தால் எல்லாத் தூரத்திலும் ஒரே சதவீதம் தவறும். கூட்டல் எண் தவறாக இருந்தால் எல்லாத் தூரத்திலும் ஒரே மில்லிமீட்டர் தவறும். மூலைகளைக் கண்டுபிடிப்பதில் பிழை என்றால் தூரத்தின் இருமடி விகிதத்தில் பெருகும். ஓடும்போது மட்டும் வரும் பிழைக்குக் காரணம் நேரத் தாமதம். இவற்றைப் பிரித்தறிய ஓர் இடத்து அளவு போதாது.

முதலில் எண்கள், பிறகுதான் ஸ்பேனர்

டாக்கிலிருந்து நேர்கோடாகத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்டீல் டேப்பால் 400, 500, 1000, 1500, 2000, 3000 மி.மீ. குறிக்கப்பட்டன. ஒவ்வொரு குறியிலும் லென்ஸுக்கு நேர்கீழே தூக்குக்குண்டு விட்டு ரோபோ நிறுத்தப்பட்டது. மோட்டாரை அணைத்துவிட்டு ஒவ்வொரு இடத்திலும் 30 படங்கள். அவற்றின் இடைநிலை மதிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. சராசரி எடுத்தால் வழிதவறிய ஒரே ஒரு படம் முடிவையே இழுத்துவிடும். லென்ஸின் ஒளி மையம் கண்ணாடிக்குப் பின்னால் சரியாக எங்கே இருக்கிறது என்று இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. அந்த ஓரிரு மில்லிமீட்டர் கூட்டல் எண்ணில் சேர்ந்துவிடும், விகிதத்தைத் தொடாது.

டாக் 1இல் கிடைத்தவை, முதலில் உண்மைத் தூரம், அடுத்து கேமரா காட்டியது:

400 – 374
500 – 478
1000 – 1000
1500 – 1521
2000 – 2042
3000 – 3085

அருகில் குறைத்துக் காட்டுகிறது, தொலைவில் கூட்டிக் காட்டுகிறது, ஒரு மீட்டரில் கச்சிதம். இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுத்து நடுவில் ஓரிடத்தில் சரிக்குச் சரியாகும்போதுதான் இப்படி வரும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே உண்மையில் 2600 மி.மீ.; கேமரா கணக்கில் 2711. விகிதம் 1.043. அதாவது 4.3 சதவீதம் கூடுதல். அந்த விகிதத்தைக் கழித்துப் பார்த்தால் எல்லா வரியிலும் 43 மி.மீ. குறைகிறது.

அதே சோதனை டாக் 2இல் செய்தபோது 400க்கு 361, 1000க்கு 967, 2000க்கு 1977, 3000க்கு 2987. விகிதம் 1.010, குறைவு இங்கேயும் அதே 43.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. 43 மி.மீ. இரண்டு டாக்குக்கும் பொது. எனவே அது ரோபோவுக்குள் இருக்கிறது. 1 சதவீதமும் பொது. அதுவும் ரோபோவுக்குள்தான், கேமராவின் குவியத்தூரத்தில். டாக் 1இல் மட்டும் கூடுதலாக இருக்கும் 3.2 சதவீதம் அந்த டாக்கின் டேக்கில் இருக்கிறது. கேமராவைக் கழற்றுவதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

டேக்: ஜெராக்ஸ் கடையின் 3 சதவீதம்

வெர்னியர் வைத்து அளந்ததில் டாக் 2இன் கறுப்புச் சதுரம் 160.0 மி.மீ., டாக் 1இல் 155.0. நிரலில் இரண்டுக்கும் 160 என்றே இருந்தது. 160 ÷ 155 = 1.032. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

நடந்தது இது. டாக் 1இன் பழைய டேக்கைத் தள்ளுவண்டி இடித்துக் கிழித்துவிட்டது. கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் அச்சடித்தார்கள். அச்சு அமைப்பில் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வாகியிருந்ததால் படம் தாளின் ஓரத்துக்குள் அடங்கும்படி 97 சதவீதமாகச் சுருங்கியது. கண்ணுக்கு 5 மி.மீ. தெரியாது. அச்சடிக்கும்போது ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100% என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் அளக்க வேண்டும், குறுக்கிலும் நெடுக்கிலும். சில பிரிண்டர்கள் தாள் நகரும் திசையில் மட்டும் இழுத்துவிடும். அப்போது டேக் சதுரமாக இருக்காது, கோணக் கணக்கும் கெடும்.

எதை அளப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. 36எச்11 டேக்கில் வெள்ளை ஓரத்தையும் சேர்த்தால் பக்கத்துக்கு 10 கட்டம். கறுப்பு ஓரத்தின் வெளிவிளிம்பிலிருந்து விளிம்புவரை 8 கட்டம். நிரல் கேட்பது அந்த 8 கட்ட அளவை. வெள்ளையையும் சேர்த்து 200 என்று போட்டால் எல்லாத் தூரமும் 25 சதவீதம் கூடும். உங்கள் பிழை சரியாகக் கால் பங்கு என்றால் வேறெங்கும் தேடாதீர்கள். வெள்ளை ஓரத்தை அழகுக்காக வெட்டிவிடவும் கூடாது. அது இல்லாவிட்டால் இருண்ட பின்னணியில் கறுப்புச் சதுரத்தின் விளிம்பே கிடைக்காது.

வெறும் தாளில் இன்னொரு தொல்லை. சில வாரங்களில் நடுவில் உப்பிவிடும். பளபளப்பான லேமினேஷன் போட்டால் விளக்கின் பிரதிபலிப்பு கட்டங்களை விழுங்கும். போர்டு எழுதும் கடையில் மேட் வினைலில் அச்சடித்து 3 மி.மீ. ஏசிபி (நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் அலுமினியம்) தகட்டில் ஒட்டச் சொன்னால் பிரச்சினை தீரும். சன்போர்டு என்ற நுரைப் பலகையிலும் ஒட்டலாம், ஆனால் தள்ளுவண்டி போகும் இடத்தில் அதன் மூலை நாளாவட்டத்தில் நசுங்கும். டாக் 1க்கு ஏசிபியில் புதிய டேக் வந்தது, அளந்தபோது 160.0.

குவியத்தூரம்: காலிபரேஷனும் ஓட்டமும் வேறு வேறு ஃபோகஸில்

மீதி 1 சதவீதத்தைக் கண்டுபிடிப்பதுதான் இதில் ருசியான பகுதி. காலிபரேஷன் (சதுரங்கப் பலகையைப் பல படம் எடுத்துக் கேமராவின் குவியத்தூரத்தைக் கண்டறிவது) கோப்பில் குவியத்தூரம் 929 பிக்சல். மறுபொருத்தப் பிழை (கணக்குப்படி மூலைகள் விழ வேண்டிய இடத்துக்கும் படத்தில் விழுந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 0.3 பிக்சல், பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலிபரேஷனை எடுத்த நிரல் கேமராவை அதன் வழக்கமான அமைப்பில், ஆட்டோஃபோகஸோடு திறந்திருக்கிறது. சதுரங்கப் பலகை 40 செ.மீ. தூரத்தில். ரோபோவை ஓட்டும் நிரலோ ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டு ஃபோகஸைக் கடைசி எல்லையில், முடிவிலியில் வைக்கிறது.

ஃபோகஸ் அருகில் வரும்போது லென்ஸ் சென்சாரிலிருந்து விலகும். 4 மி.மீ. லென்ஸ் 400 மி.மீ.இல் ஃபோகஸ் ஆனால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 4 × 400 ÷ 396, அதாவது 4.04 மி.மீ. முடிவிலியில் அது 4.00. சரியாக ஒரு சதவீதம். காலிபரேஷனில் 929 என்று வந்தது, ஓடும்போது உண்மையில் இருந்தது 920. காலிபரேஷனும் சரி, கேமராவும் சரி. இரண்டும் ஒரே நிலையில் இல்லை, அவ்வளவுதான்.

தீர்வாக, இரண்டு நிரல்களிலும் ஆட்டோஃபோகஸ் அணைக்கப்பட்டு, ஃபோகஸ் எண் ஒன்றாகவே, சுமார் 1.5 மீட்டருக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டது. 400 மி.மீ.இல் டேக் சற்றே மங்கும். அங்கே அது 350 பிக்சலுக்கு மேல் விரிந்து கிடப்பதால் பாதகமில்லை. தெளிவு தேவைப்படுவது 49 பிக்சலுக்குச் சுருங்கும் 3 மீட்டரில்தான். கேமராவைத் திறந்தவுடன் ஃபோகஸ் எண்ணைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் ஒரு வரியும் நிரலில் சேர்ந்தது. சில வெப்கேம்கள் மின்சாரம் போய் வந்தால் ஆட்டோஃபோகஸைத் தாமாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

புதிய காலிபரேஷனுக்கு 9×6 உள்மூலைகளும் 25 மி.மீ. கட்டமும் கொண்ட சதுரங்கப் பலகை, தட்டையான ஏசிபியில் ஒட்டியது. படங்கள் 35. அவற்றில் பெரும்பகுதியில் பலகை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்திருக்க வேண்டும். நேர்முகமாக மட்டும் படம் எடுத்தால் கணக்குக்குக் குவியத்தூரத்தையும் தூரத்தையும் பிரித்தறிய வழியில்லை. ஒன்றைக் கூட்டி இன்னொன்றையும் கூட்டினால் அதே படம்தான் கிடைக்கும். மறுபொருத்தப் பிழையும் குறைவாகவே காட்டும். ஆகவே அந்த 0.3 என்ற எண்ணை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு மூலைகளுக்கும் பலகையைக் கொண்டுபோகவும் வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்து வளைவுத் திருத்தம் வெறும் ஊகமாகிவிடும்.

கட்டம் 25 மி.மீ.க்குப் பதில் 24.5 ஆக அச்சாகியிருந்தாலும் பிக்சலில் வரும் குவியத்தூரம் மாறாது. பலகை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற கணக்குதான் மாறும். அது நமக்குத் தேவையில்லை. டேக் அளவு அப்படியல்ல. பலகையை நுணுக்கி நுணுக்கி அளந்துவிட்டுக் கிழிந்த டேக்கைக் கண்ணளவில் ஒட்டும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கலாம்.

புதிய மதிப்பு சுமார் 922 பிக்சல். இதில் இன்னொரு பொறி உண்டு: 640×480இல் காலிபரேஷன் எடுத்து, அகலம் இரட்டிப்பு என்பதால் குவியத்தூரத்தையும் இரண்டால் பெருக்கி 1280×720க்குப் போடுவது. பல வெப்கேம்கள் 4:3 படத்துக்கு அகன்ற சென்சாரின் இரு பக்கத்தையும் வெட்டுகின்றன. அங்கே சரியான பெருக்கல் 1.5, இரண்டால் பெருக்கினால் தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஓடும் அளவிலேயே காலிபரேஷன் எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அந்த 43 மி.மீ.

இது எந்த அளவிலிருந்தும் வந்ததல்ல. ஜெராக்ஸ் டேக் ஒட்டிய பிறகு ரோபோ டாக் 1இல் போய் இடிக்கத் தொடங்கியது. 4.3 சதவீதம் கூட்டிக் காட்டினால் 400 என்று காட்டும்போது ரோபோ உண்மையில் 384இல் இருக்கும். இடிப்பதை நிறுத்த யாரோ ஒரு மீட்டரில் டேப் வைத்துப் பார்த்து, 1043 என்று வந்ததிலிருந்து 43ஐக் கழித்துவிட்டார்கள். இடி நின்றது. ஆனால் இப்போது 425இலேயே 400 என்று காட்டி, டாக் 1இல் முன்னதாகவே நின்றுவிடுகிறது. டேக்கில் எந்தக் குறையும் இல்லாத டாக் 2இல் 439இல் நிற்கிறது. ஒருவர் காய்ச்சலுக்கு வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்த கதை.

விகிதப் பிழையைக் கூட்டல் எண்ணால் சரிசெய்தால் ஓரிடத்தில் பொருந்தும், மற்ற எல்லா இடத்திலும் நகரும். எனவே வரிசை முக்கியம்: டேக் அளவு, பிறகு குவியத்தூரம், விகிதம் 1.00க்கு வந்த பிறகே கூட்டல் எண். முதல் இரண்டையும் அந்த வரிசையில் முடித்தபின் கூட்டல் எண்ணைச் சுழியாக்கிப் பார்த்ததில் 400க்கு 401, 1000க்கு 1002, 2000க்கு 1995, 3000க்கு 3020. மீதியிருப்பது பிக்சல் தடுமாற்றம். 3 மீட்டரில் அகலத்தில் ஒரு பிக்சல் பிசகினால் 60 மி.மீ. போய்விடும், அரை மீட்டரில் அதே ஒரு பிக்சல் 2 மி.மீ.க்கும் குறைவு. 3 மீட்டரில் 20 மி.மீ. என்பதற்குள் மேலும் தோண்டுவதில் பயனில்லை.

பக்கவாட்டும் வெயிலும்

டாக்குக்கு நேராக வரும்போது சரி, சாய்வாக வந்தால் தூரம் கூடுகிறது என்று இன்னொரு குறை தனியாக இருந்தது. நிரலில் டேக் இருக்கும் திசைக்கு நேர்கோட்டுத் தூரம் எடுக்கப்பட்டிருந்தது. தேவை லென்ஸின் அச்சு வழியே உள்ள தூரம். 2 மீட்டர் முன்னால், 600 மி.மீ. பக்கவாட்டில் டேக் இருந்தால் நேர்கோட்டுத் தூரம் 2088. ஒரு வரித் திருத்தம்.

டாக் 2இல் மாலை வேளைகளில் 3 மீட்டர் அளவு 60 மி.மீ. வரை கூடியது. மேற்குப் பக்க ரோலிங் ஷட்டர் வழியே வெயில் டேக்கின் மேல் விழுந்து, வெள்ளை மிகையாக ஒளிர்ந்து கறுப்பின் விளிம்பைத் தின்றது. கறுப்புச் சதுரம் படத்தில் ஒரு பிக்சல் சுருங்கினாலே இவ்வளவு வரும். தானியங்கி எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்குச் சென்சார் ஒளி வாங்கும் நேரம்) படம் முழுவதையும் சராசரியாகப் பார்ப்பதால் பட்டறையின் இருட்டுக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் 10 மில்லிசெகண்டில் நிலையாக வைக்கப்பட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுங்கும். 10இன் மடங்காக இருந்தால் படத்தில் பட்டை விழாது. திரும்பும்போது படம் இழுபடுவதும் பாதியாகக் குறையும்: வினாடிக்கு 30 டிகிரி திரும்பும் ரோபோவில் 20 மில்லிசெகண்ட் என்பது கிட்டத்தட்ட 10 பிக்சல் இழுவை. டாக்கின் மேல் ஒரு தகட்டு நிழற்கூரையும் போட்டார்கள். அதுதான் அதிகம் உதவியது.

ஸ்டீரியோ கேமரா வாங்கியிருந்தால்? இரு கண்ணுக்கும் இடையே 50 மி.மீ., குவியத்தூரம் 640 பிக்சல் என்று வைத்தால் பத்தில் ஒரு பிக்சல் பிசகு 1 மீட்டரில் 3 மி.மீ., 4 மீட்டரில் 50 மி.மீ. பளபளக்கும் எந்திர உறை எதிரே இருந்தால் அதுவும் கிடைக்காது. தடைகளைப் பார்க்க நல்ல கருவி. டாக்கில் நிற்பதற்கு ஒழுங்காக அளந்த டேக் போதும்.

காணாமல்போன 6 மி.மீ.

பட்டியலின்படி ரோபோ டாக் 1இல் 25 மி.மீ. முன்னதாக நின்றிருக்க வேண்டும். திருத்தங்களுக்கு முன் தரையில் அளந்தபோது 19தான் இருந்தது. டாக் 2இல் 39க்குப் பதில் 33. சரியான இடத்தில் சார்ஜிங் ஸ்பிரிங் தகடு 20 மி.மீ. அமுங்க வேண்டும். 19 முன்னதாக நின்றால் ஒரு மில்லிமீட்டர் தொடுகை. அதனால்தான் சில நாள் ஏறியது, சில நாள் ஏறவில்லை. 33 முன்னதாக நின்றால் 13 மி.மீ. வெற்றிடம்.

இரண்டிலும் அதே 6 மி.மீ. வித்தியாசம். கேமரா படம் எடுத்து, யூஎஸ்பி வழியே வந்து, டேக் கண்டுபிடிக்கப்பட்டு, மோட்டாருக்குக் கட்டளை போவதற்குள் நேரம் ஓடுகிறது. கடைசிக் கட்டத்தில் ரோபோவின் வேகம் வினாடிக்கு 50 மி.மீ.; 6 மி.மீ. என்றால் 120 மில்லிசெகண்ட். வேகத்தை 200 ஆக்கிப் பார்த்ததில், பிரேக் பிடித்தபின் உருண்ட தூரத்தைச் சக்கர என்கோடர் (சக்கரம் சுழன்றதை எண்ணும் உணரி) கணக்கிலிருந்து கழித்தபின், 24 மி.மீ. தாண்டியது. வேகத்துக்கு நேர்விகிதம், எனவே தாமதம்தான். விகிதமும் கூட்டல் எண்ணும் சரியான பிறகு ரோபோ 6 மி.மீ. கூடுதலாக உள்ளே போகத் தொடங்கியது. ஸ்பிரிங் அதைத் தாங்கும். ஆனாலும் தூரத்தில் இன்னொரு 6ஐக் கூட்டிக் கழிக்காமல், ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரத்தைப் பதிந்து, அதன் பின் சக்கரம் உருண்ட தூரத்தை என்கோடரிலிருந்து கழிக்கும்படி நிரல் மாற்றப்பட்டது. கடைசி வேகத்தை 80 ஆக உயர்த்தியும் இரண்டு டாக்குகளிலும் ரோபோ 3 மி.மீ.க்குள் நிற்கிறது.